சம்பளம் நாலு மடங்கு ஏறியும் செலவு அதே 28 பவுண்டு: ஜான் வெஸ்லி எழுதி வைத்த கணக்கு

மாசக் கடைசி நாள். சம்பளம் வந்த மெசேஜ் போன்ல எட்டிப் பார்க்குது. அடுத்த ஒரு மணி நேரத்துல வாடகை போகுது, இஎம்ஐ போகுது, கிரெடிட் கார்டு பில் போகுது, வீட்டுக்கு அனுப்புற பணம் போகுது. யாருக்காவது உதவணும்னு மனசுல நினைச்ச தொகை மட்டும் வரிசையில கடைசியா நிற்குது. மீதி இருந்தா பார்க்கலாம். பெரும்பாலும் மீதி இருக்காது.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு: தசமபாகம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிடு, மீதியில் வாழ். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனா, நடைமுறைக்கு வந்தால் கேள்விகள் வரிசை கட்டும். பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளத்தில் பத்தா, மொத்தச் சம்பளத்தில் பத்தா? கடன் இருக்கும்போதும் கொடுக்கணுமா? அப்பா அம்மா மருந்துச் செலவு இதில் சேருமா? சம்பளம் இரண்டு மடங்கானால் அதே பத்து போதுமா?

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் ஆக்ஸ்போர்டில் இருந்த ஓர் இளைஞர் இதே கேள்விகளோடு ஒரு கணக்கு நோட்டைத் திறந்தார். 87 வயது வரை அதை மூடவில்லை. அவர் பெயர் ஜான் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். அவர் கண்டுபிடித்த பதில் பத்து சதவீதம் இல்லை.

யார் இந்த ஜான் வெஸ்லி?

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் எப்வொர்த் என்ற ஊர். அங்கே 1703 ஜூன் 17 அன்று பிறந்தார். அப்பா சாமுவேல், இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். அம்மா சுசன்னா. அந்தத் தம்பதிக்குப் பிறந்த குழந்தைகள் 19 பேர். அவர்களில் சுமார் பாதிப் பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள்.

ஜானுக்கு ஐந்து வயது இருக்கும்போது, 1709 பிப்ரவரியில், வீடு தீப்பிடித்து எரிந்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்த பிறகுதான் ஜான் மாடியிலேயே மாட்டிக்கொண்டது தெரிந்தது. ஏணி தேட நேரமில்லை. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, ஜன்னல் வழியாகக் குழந்தையை இறக்கினார்கள். அடுத்த கணம் கூரை உள்ளே சரிந்து விழுந்தது. கடவுள் தன்னை ஏதோ ஒரு வேலைக்காகக் காப்பாற்றினார் என்று வெஸ்லி கடைசி வரை நம்பினார்.

அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதும் பலரும் இந்தத் தீயிலிருந்துதான் தொடங்குவார்கள். நம்ம விஷயத்துக்கு அந்த வீட்டில் நடந்த இன்னொரு சம்பவம்தான் முக்கியம்.

தசமபாகத்தில் வாழ்ந்தும் கடன் சிறைக்குப் போன அப்பா

அந்தக் கால இங்கிலாந்தில் தசமபாகம் என்பது மனமுவந்து கொடுக்கும் காணிக்கை இல்லை. சட்டப்படி கட்டவேண்டிய ஒன்று. விளைந்த தானியத்திலும் பிறந்த ஆட்டுக்குட்டிகளிலும் பத்தில் ஒரு பங்கு ஊர்த் திருச்சபையின் பங்காகக் கணக்கிடப்படும். விவசாயிக்கு அது இன்னொரு வரி. குருவானவருக்கு அதுதான் வருமானம். பல ஊர்களில் இதனால் சண்டை, வழக்கு, மனக்கசப்பு. 1836-இல் வந்த சட்டம்தான் இந்தப் பொருள் வசூலைப் பணமாகக் கட்டும் முறைக்கு மாற்றியது.

அதாவது, வெஸ்லி வளர்ந்த வீடே தசமபாகத்தில் ஓடிய வீடு. அப்பாவின் ஆண்டு வருமானம் பேப்பரில் சுமார் 200 பவுண்டு. அன்றைக்கு அது மோசமான தொகை கிடையாது. ஆனால் பெரிய குடும்பம், விளைச்சல் பொய்த்த ஆண்டுகள், அடிக்கடி தீ, பணத்தைத் திட்டமிடத் தெரியாத அப்பா. கடன்மேல் கடன் ஏறியது.

1705-இல் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சாமுவேல் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். தன்னிடம் இருந்த மோதிரங்களை விற்றுக்கொள்ளச் சொல்லி சுசன்னா சிறைக்கு அனுப்பினார். சாமுவேல் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது ஜானுக்கு இரண்டு வயது. வீட்டில் எப்போதாவது சாப்பாட்டுக்கே இல்லாமல் போனதுண்டா என்று பேராயர் ஒருமுறை சுசன்னாவிடம் கேட்டார். சாப்பாடு இல்லாமல் போனதில்லை. ஆனால் அதைச் சேர்க்கப் படும் பாட்டையும் பிறகு அதற்குக் காசு கொடுக்கப் படும் பாட்டையும் பார்த்தால், இல்லாமலிருப்பதற்கு அடுத்த நிலை அதுதான் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

இந்த வீட்டுப் பையன் பின்னாளில் பணத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது கடனை அடைப்பதை ஏன் அவ்வளவு முன்னால் வைத்தார் என்று யோசிச்சுப் பாருங்க. சாமுவேல் 1735-இல் இறந்தபோதும் கடனோடுதான் இறந்தார்.

கையில் காசு இல்லாத ஒரு குளிர்நாள்

லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளி, 1720-இல் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி, 1726-இல் அதே ஆக்ஸ்போர்டின் லிங்கன் கல்லூரியில் நிரந்தர ஆசிரியர் பதவி. முதல் முறையாக வெஸ்லி கையில் நிலையான வருமானம். தங்க அறை கல்லூரியே கொடுத்துவிடும். கல்யாணம் ஆகாதவர். இன்றைய கணக்கில், முதல் நல்ல வேலை கிடைத்து, வாடகைக் கவலையும் இல்லாத இருபத்து சொச்சம் வயசுப் பையன்.

அந்த ஆக்ஸ்போர்டு நாள்களைப் பற்றி, வயதான பிறகு பிரசங்கம் ஒன்றில் வெஸ்லி ஒரு சம்பவத்தைச் சொன்னார். கடும் குளிர்நாள். அவரும் நண்பர்களும் செலவு ஏற்றுப் படிக்க வைத்த ஏழைச் சிறுமிகளில் ஒருத்தி அவரைப் பார்க்க வந்தாள். மேலே மெல்லிய துணி ஒன்றுதான். குளிரில் நடுங்கினாள். வேறு துணி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். பையில் கைவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் முன்புதான் அறைச் சுவரில் மாட்டப் படங்கள் வாங்கியிருந்தார். அந்தப் பணம், இந்தப் பெண்ணைக் குளிரிலிருந்து காத்திருக்கக்கூடிய பணம், இப்போது சுவரில் தொங்கியது.

அவர் வாங்கியது ஒன்றும் தப்பான பொருள் இல்லை. அளவுக்கு மீறிய ஆடம்பரம்கூட இல்லை. ஆனால் செலவு முதலில் போய்விட்டதால் கொடுக்க வேண்டிய நேரத்தில் கை காலி. இந்த வரிசை மாறணும் என்பது அவருக்குப் புரிந்தது.

28 பவுண்டு கணக்கு

1729 வாக்கில் ஜானும் தம்பி சார்லஸும் சில மாணவர்களும் சேர்ந்து ஒரு சிறு குழுவாகக் கூடினார்கள். ஒழுங்காக ஜெபம், ஒழுங்காகப் படிப்பு, ஒழுங்காகச் சிறைச்சாலைப் பார்வை. எல்லாவற்றுக்கும் ஒரு முறை, ஒரு நேரம். மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட், அதாவது முறைக்காரர்கள். அந்தப் பட்டப்பெயரே பின்னால் உலகம் முழுவதும் ஒரு திருச்சபையின் பெயராகிவிட்டது.

அந்தக் குழுவில் ஒருவர் பணத்தை எப்படிக் கையாண்டார் என்று வெஸ்லி பிற்காலத்தில் ஒரு கணக்கு சொல்கிறார். பெயர் சொல்லவில்லை. தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு இது:

முதல் ஆண்டு: வருமானம் 30 பவுண்டு. வாழ்க்கைச் செலவு 28. கொடுத்தது 2.

இரண்டாம் ஆண்டு: வருமானம் 60 பவுண்டு. செலவு 28. கொடுத்தது 32.

மூன்றாம் ஆண்டு: வருமானம் 90 பவுண்டு. செலவு 28. கொடுத்தது 62.

நான்காம் ஆண்டு: வருமானம் 120 பவுண்டு. செலவு 28. கொடுத்தது 92.

இதை இன்னொரு தடவை மெதுவாகப் பாருங்க. முதல் ஆண்டு கொடுத்தது 30-இல் 2. சதவீதத்தில் 7-ஐக்கூடத் தொடவில்லை. அதாவது, தசமபாகத்தைவிடக் குறைவு! நான்காம் ஆண்டு கொடுத்தது 76 சதவீதத்துக்கு மேல்.

தசமபாகம் என்ன செய்கிறது? கொடுக்கும் விகிதத்தை நிலைநிறுத்துகிறது. சம்பளம் ஏறினால் கொடுப்பதும் ஏறும், செலவும் கூடவே ஏறும். வெஸ்லி இதைத் தலைகீழாக்கினார். நிலைநிறுத்தியது கொடுப்பதை இல்லை, வாழ்க்கைச் செலவை. எனக்கு வாழ எவ்வளவு போதும் என்ற கேள்விக்கு ஒரு எண்ணை முதலிலேயே எழுதிவிட்டார். அதற்கு மேல் வந்த ஒவ்வொரு பவுண்டும் வருவதற்கு முன்பே அடுத்தவருக்கு என்று ஆகிவிட்டது.

இன்றைக்கு நிதி ஆலோசகர்கள், சம்பளம் ஏற ஏற வாழ்க்கை முறையும் சத்தமில்லாமல் ஏறிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். பைக் போய் கார், ஒரு பெட்ரூம் போய் இரண்டு பெட்ரூம். சேமிப்பு மட்டும் அதே இடத்தில். அந்தக் கசிவை ஒரு கணக்கு நோட்டில் அடைக்க முடியும் என்று காட்டியது இந்த 28.

தோல்வியும் திரும்பி வந்ததும்

1735-இல் வெஸ்லி அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யப் போனார். போன வேலை சரியாக அமையவில்லை. ஒரு காதல் விவகாரம் வழக்கு வரை போய், 1737 டிசம்பரில் கிளம்பி வந்துவிட்டார். மனசு உடைந்து திரும்பியவருக்கு, 1738 மே 24 அன்று லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில் ஆழமான மன மாற்றம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு பிரிஸ்டல் நகரில் திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். கேட்க வந்தவர்கள் கோயில் பக்கமே போகாத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் ஏழைகளும்.

அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் குதிரையிலும் பிறகு வண்டியிலும் அவர் பயணம் செய்த தூரம் சுமார் 4 லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். கொடுப்பது பற்றிய அவர் யோசனையும் இங்கேதான் தனி மனிதரிடமிருந்து கூட்டத்துக்கு மாறியது.

வாரம் ஒரு பென்னி

1742 பிப்ரவரி. பிரிஸ்டலில் கட்டிய கூட்ட அரங்கின் கடன் தீரவில்லை. என்ன செய்யலாம் என்று பேச உட்கார்ந்தார்கள். கேப்டன் ஃபாய் என்பவர் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம்.

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக, ஒரு பவுண்டில் 240-இல் ஒரு பங்கு. அதுகூட முடியாத ஏழைகள் நம்மிடம் இருக்கிறார்களே என்று யாரோ கேட்டார்கள். அப்படியானால் மிக ஏழைகளான 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரா வாரம் நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நானே போடுகிறேன் என்றார் ஃபாய்.

கடனுக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் எதிர்பாராத ஒன்று நடந்தது. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று பார்த்துவிட்டு வந்தார்கள். வெஸ்லி அதை உடனே பிடித்துக்கொண்டார். சுமார் 12 பேர் கொண்ட சிறு குழு, ஒரு தலைவர், வாரம் ஒரு சந்திப்பு. மெதடிஸ்ட் சபைகளின் அடித்தளமே இதுதான்.

பெரிய மனிதர் ஒருவரின் நன்கொடைக்குக் காத்திருப்பதைவிட, பலர் சிறிதாக, தவறாமல், தேதி வைத்துக் கொடுப்பது நிலைக்கும். நம்ம ஊர் திருச்சபை வீடுகளில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த லாஜிக் புதுசில்லை.

30 பவுண்டில் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ்

1746-இல் லண்டனில் வெஸ்லி நண்பர்களிடம் கேட்டு ஒரு சிறு தொகை திரட்டினார். சுமார் 30 பவுண்டு. அதைத் தானமாகப் பிரித்துக் கொடுக்கவில்லை. சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு பவுண்டு வரை கடனாகக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குள் வாரா வாரம் திருப்பிக் கட்டணும். ஒரே தொகை சுற்றிச் சுற்றி வந்ததில், ஓர் ஆண்டு சொச்சத்தில் சுமார் 250 பேர் பயன்பெற்றார்கள். அன்றைக்கு ஏழைக்கு அவசரம் என்றால் அடகுக் கடைதான் கதி. அதன் வட்டியில் குடும்பங்கள் மூழ்குவதை அவர் பார்த்திருந்தார்.

பின்னாளில் உச்சவரம்பு உயர்ந்தபோது, ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தைக்கும் இளைஞர் 5 பவுண்டு கடன் வாங்கிப் பழைய புத்தகக் கடையைப் பெருக்கினார். அதே கடை ஆண்டுக்கு ஒரு லட்சம் புத்தகங்களுக்கு மேல் விற்று, லண்டனின் மிகப் பெரிய புத்தகக் கடைகளில் ஒன்றானது. சுவாரசியம் என்னன்னா, பணக்காரரான பிறகு தன் சுயசரிதையில் மெதடிஸ்டுகளைக் கிண்டல் செய்து தள்ளினார் லாக்கிங்டன். வயதான காலத்தில் வருந்தி, சொந்தச் செலவில் அவர்களுக்கே ஆலயம் கட்டிக் கொடுத்தார்.

அதே 1746-இல் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் தொடங்கினார். தேநீர் குடிப்பதையும் நிறுத்தினார். தன் கை நடுக்கத்துக்குத் தேநீர் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு காரணம். தினமும் அதற்குப் போகும் காசைச் சேர்த்தால் பசித்தவர்களுக்கு உதவலாமே என்பது இன்னொன்று. அப்போது தேநீர் விலை அதிகம். சுமார் 12 ஆண்டுகள் கழித்து டாக்டர் சொன்னதால் மறுபடி குடிக்கத் தொடங்கினார் என்பதையும் சொல்லிடணும்.

சம்பாதி, சேமி, கொடு: ஆனால் எந்த வரிசையில்?

பணத்தைப் பயன்படுத்துவது பற்றி வெஸ்லி செய்த பிரசங்கம் ஒன்று மிகப் பிரபலம். 1760-இல் அச்சில் வந்தது. அதன் சாரம் மூன்று படிகள். முடிந்த அளவு சம்பாதி. முடிந்த அளவு மிச்சப்படுத்து. முடிந்த அளவு கொடு.

முதல் படியிலேயே நிபந்தனைகள் இருக்கின்றன. உடம்பைக் கெடுத்துக்கொண்டு சம்பாதிக்கக் கூடாது. தூக்கம், சாப்பாடு பறிபோகும் வேலை வேண்டாம். மனசாட்சியை விற்கும் வேலை வேண்டாம். அடுத்தவரைக் கெடுக்கும் தொழில் வேண்டாம். சாராய வியாபாரத்தை அவர் நேரடியாகவே குறிப்பிட்டார். அடிமை வியாபாரத்தை எதிர்த்து 1774-இல் தனிப் புத்தகமே எழுதினார். தப்பான வழியில் வந்த பணத்தில் தானம் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு அவரிடம் செல்லாது.

இரண்டாவது படியான மிச்சப்படுத்துதல் என்பது வங்கியில் குவித்து வைப்பது இல்லை. வீண் செலவை வெட்டுவது.

மூன்றாவது படிதான் குடும்ப பட்ஜெட் போடுபவர்களுக்கு முக்கியம். கொடு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாரிக் கொடுக்கச் சொல்லவில்லை. வரிசை போட்டுக் கொடுத்தார். முதலில் உன் தேவை: உணவு, உடை, உடல் நலம். அடுத்து உன் வீடு: மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள், உன்னை நம்பி இருப்பவர்கள். அதன்பிறகு மீதி இருந்தால் சபையில் இருக்கும் எளியவர்கள். இன்னும் மீதி இருந்தால் எல்லா மனிதர்களும். வேறு பிரசங்கங்களில் இன்னும் சிலவற்றைச் சேர்த்தார். யாரிடமும் கடன்படாமல் இருக்கத் தேவையான பணம், தொழில் நடத்தத் தேவையான முதல், தான் போன பிறகு குடும்பம் பிழைக்கத் தேவையான அளவு. இவற்றை வைத்துக்கொள்வது பேராசையில் சேராது என்றார்.

ஆக, அம்மாவின் மருந்துச் செலவைப் பார்ப்பதா, காணிக்கை போடுவதா என்று குழம்புபவருக்கு வெஸ்லியின் பட்டியலில் தெளிவான பதில் இருக்கு. வீட்டைக் கவனிப்பது கொடுப்பதற்கு எதிரி இல்லை. கொடுப்பதன் முதல் படியே அதுதான்.

அதே நேரம் வசதி உள்ளவர்களுக்கு அவர் தளர்வு காட்டவில்லை. பத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளாதே என்றார். காரணம், அவர் பார்வையில் பணத்துக்கு மனிதன் உரிமையாளனே இல்லை. தமிழ் வேதாகமத்தில் உக்கிராணக்காரன் என்று ஒரு சொல் வரும். எஜமானின் பண்டசாலையைப் பார்த்துக்கொள்பவன். பண்டசாலை வேறொருவருடையது என்றால், அதில் பத்தில் ஒன்றுக்கு மட்டும் கணக்குக் காட்டுவது எப்படிச் சரியாகும்? பத்தும் கணக்கில் வரணும். சந்தேகமான செலவு வந்தால் வாங்கும் முன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளச் சில கேள்விகளையும் வகுத்தார்: நான் இதில் உரிமையாளனாக நடக்கிறேனா, பொறுப்பாளனாக நடக்கிறேனா? இந்தச் செலவைக் கடவுள் முன் காணிக்கையாக வைக்க முடியுமா?

தன் வீட்டில் அவர் எப்படி இருந்தார்?

1749-இல் தம்பி சார்லஸுக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வீட்டார் நிலையான வருமானத்துக்கு உத்தரவாதம் கேட்டார்கள். புத்தக விற்பனையிலிருந்து ஆண்டுக்கு 100 பவுண்டு தருவதாக ஜான் பொறுப்பேற்றார். தன் உயிலிலும் சார்லஸின் மனைவிக்கு ஆண்டுத்தொகை எழுதி வைத்தார். குடும்பம் முதலில் என்பது மேடைப் பேச்சாக மட்டும் இருக்கவில்லை.

1751-இல் அவரே மேரி வசேல் என்ற வசதியான விதவையைக் கல்யாணம் செய்தார். மேரியின் சொத்து முழுவதும் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மட்டுமே என்று முன்பே எழுதி வைக்கச் செய்தார், தான் தொடவில்லை. ஆனால் அந்தத் திருமணம் கசந்தது. வருடத்தில் பெரும்பகுதி பயணத்தில் இருக்கும் கணவர், சந்தேகமும் கோபமும் வளர்ந்த மனைவி. கடைசியில் பிரிந்தார்கள். 1781-இல் மேரி இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகுதான் வெஸ்லிக்குத் தெரிந்தது. பணத்தை அவ்வளவு ஒழுங்காகப் பங்கிட்டவர், நேரத்தை வீட்டுக்குப் பங்கிடத் தவறினார் என்றே சொல்லணும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். 28 பவுண்டு கணக்கு நடந்தபோது அவருக்கு வாடகை இல்லை, பிள்ளைகள் இல்லை. பிறகும் பயணம், தங்கல் பெரும்பாலும் சபைகளின் பொறுப்பு. பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடனும் உள்ள ஒரு குடும்பம் அந்த எண்ணை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அவரே தன் போதகர்களிடம் அதை எதிர்பார்க்கவில்லை. 1752 முதல் ஒரு போதகருக்கு ஆண்டுக்கு 12 பவுண்டு என்று வகுத்தார்கள். மனைவி பிள்ளைகளுக்கு அதற்கு மேல் தனித் தொகை என்ற ஏற்பாடும் வந்தது. எண் ஆளுக்கு ஆள் மாறும். எண் ஒன்று இருக்கணும், அவ்வளவுதான்.

நாலு வெள்ளிக் கரண்டி

மலிவு விலையில் அவர் வெளியிட்ட சிறு புத்தகங்கள் ஏராளமாக விற்றன. திட்டமிடாமலேயே பணக்காரராகும் நிலைக்கு வந்துவிட்டார். வாழ்நாளில் அவர் கொடுத்த தொகை சுமார் 30,000 பவுண்டு இருக்கும் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள்.

அப்போது வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி இருந்தது. இவ்வளவு பெரிய ஆள் வீட்டில் வெள்ளி இல்லாமலா இருக்கும் என்று 1776-இல் வரித்துறை கடிதம் அனுப்பியது. லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு, ஆக நாலு வெள்ளித் தேக்கரண்டிதான் என்னிடம் இருக்கிறது. சுற்றிலும் பலர் சாப்பாட்டுக்கு இல்லாமல் இருக்கும்போது மேலும் வாங்கும் எண்ணம் இல்லை என்ற பொருளில் சுருக்கமாகப் பதில் போட்டார்.

1785 ஜனவரி. வயது 81. லண்டன் தெருக்களில் பனி உருகி, கணுக்கால் அளவு குளிர்ந்த சேறு. ஏழைகளுக்கு வழக்கமாக நிலக்கரியும் ரொட்டியும் கொடுக்கும் நேரம். இந்த முறை உடையும் தேவை என்று வெஸ்லிக்குத் தெரிந்தது. நாலைந்து நாள் தெருத்தெருவாக நடந்து, வீடு வீடாகக் கேட்டு 200 பவுண்டு திரட்டினார். அதன்பின் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். குளிரில் நடுங்கிய அந்த ஆக்ஸ்போர்டு சிறுமி அவர் நினைவிலிருந்து போகவே இல்லை போல.

அவரை வருத்திய கணக்கு

கடைசி ஆண்டுகளில் வெஸ்லியை அதிகம் வருத்தியது எதிரிகள் இல்லை, சொந்த ஆட்கள். குடியை விட்டு, நேர்மையாக உழைத்து, சிக்கனமாக இருந்ததால் மெதடிஸ்டுகள் பலர் வசதி ஆனார்கள். மூன்று படிகளில் முதல் இரண்டை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டார்கள். சம்பாதித்துச் சேமித்துக் கொடுக்காமல் இருப்பவன் தொடங்கிய இடத்தைவிட மோசமான இடத்துக்குப் போகிறான் என்று அவர் திரும்பத் திரும்பப் பிரசங்கித்தார். கேட்டவர்கள் குறைவு.

ஆனால் வாரப் பென்னி பழக்கம் நின்றுவிடவில்லை. அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் மெதடிஸ்ட் சபைகளைக் கடல் தாண்டி அனுப்பியது. 1814-இல் மெதடிஸ்ட் போதகர்கள் இலங்கையில் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று பிரிந்து போனார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். சென்னை ராயப்பேட்டையில் வெஸ்லி பெயரில் ஆலயமும் பள்ளியும் இருப்பதன் பின்னணி இதுதான்.

நோட்டின் கடைசிப் பக்கம்

இந்தக் கதையிலிருந்து நம்ம பட்ஜெட்டுக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கு? போதும் என்ற எண்ணை, அடுத்த சம்பள உயர்வு வரும் முன்பே எழுதி வைப்பது. வீட்டையும் கடனையும் முதல் வரியில் போடுவது. கொடுப்பதைக் கடைசி வரியில் விடாமல் தேதி வைத்துச் சிறிதாகத் தொடங்குவது. முதல் ஆண்டு 30-இல் 2 தான் முடிகிறது என்றால் அதற்கு வெட்கப்படாமல் இருப்பது. 60 வரும்போது, செலவு இன்னும் 28 தானா என்று நோட்டைத் திறந்து பார்ப்பது. நம்பிக்கை எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு வேலை செய்யும்.

1790 ஜூலை. வெஸ்லிக்கு வயது 87. கண் சரியாகத் தெரியவில்லை, கை நடுங்குகிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பைசா தவறாமல் எழுதி வந்த நோட்டில் கடைசிக் குறிப்பு ஒன்றை எழுதினார். இனி கணக்கு எழுதப் போவதில்லை. முடிந்ததை எல்லாம் மிச்சப்படுத்தினேன், முடிந்ததை எல்லாம் கொடுத்தேன், அந்தத் திருப்தி போதும் என்பதே அதன் பொருள். எழுத்து கோணல்மாணலாக, வாசிக்கவே சிரமமாக இருக்கும்.

1791 மார்ச் 2 அன்று லண்டன் சிட்டி ரோடு வீட்டில் இறந்தார். இறுதிப் பயணத்தையும் பட்ஜெட்டில் வைத்திருந்தார். அலங்கார வண்டி வேண்டாம், ஆடம்பரம் வேண்டாம். தன் உடலைச் சுமக்க ஆறு ஏழைகளை அமர்த்தி, ஆளுக்கு ஒரு பவுண்டு கொடுக்கணும் என்று உயிலில் எழுதியிருந்தார். அப்படியே ஆறு பேர் வந்து தூக்கினார்கள். அவர் கணக்கின் கடைசி ஆறு பவுண்டும் ஏழைகள் கைக்கே போனது.